சின்ன லானுக்கு தள்ளு மோவர்: எதை மொதல்ல பாக்கணும், எதை கடைசில பாக்கணும்

கடைக்குப் போனதும் மொத கேள்வியா "எத்தனை சிசி?"ன்னு கேக்கறவங்கதான் நெறைய. அது கடைசில கேக்க வேண்டியதுங்க. சின்ன லானுக்கு மோவர், அதாவது புல்லு வெட்டற மெஷின் வாங்கிட்டு தலைல கை வெச்சவங்க பெரும்பாலும் இன்ஜின்ல ஏமாந்தவங்க இல்ல. கேட்ல நுழையாத மெஷினை வாங்கினவங்க, பை மாட்ட வழியில்லாததை வாங்கினவங்க, சரிவுல தள்ள முடியாம பாதில நின்னவங்க, இவங்கதான் ஜாஸ்தி. அதனால இங்க இன்ஜின் 6-வதாதான் வருது, வரிசைய மாத்தாதீங்க, ஒண்ணுக்கு பதில் தெரிஞ்சாதான் அடுத்ததுக்கு முடிவு எடுக்க முடியும்.

நான் சொல்றது பெட்ரோல்ல ஓடுற, பிளேடை மட்டும் இன்ஜின் சுத்துற, சக்கரத்தை நாமளே தள்ளிட்டு போற மோவர். சின்ன லான்னா மொத்த மனை கால் ஏக்கருக்குள்ள, அதுல புல்லு மட்டும் ஒரு 5000 சதுர அடி வரைக்கும்னு வெச்சுக்கங்க.

பெட்ரோல் மோவருக்கே கட்டுப்பாடு போட்ட எடங்களும் இருக்கு. உதாரணத்துக்கு கலிஃபோர்னியால 2024 மாடல் வருஷத்துல இருந்து இந்த சைஸ் புது இன்ஜின்லாம் புகையே விடாததா இருக்கணும்னு விதி வந்தாச்சு. காலைல இத்தனை மணிக்கு முன்னாடி ஓட்டக்கூடாதுன்னு சத்தத்துக்கு விதி வெச்சிருக்கற ஊரும் உண்டு. உங்க எடத்துல என்னன்னு மொதல்ல கேட்டுக்கங்க.

1. டேப் எடுத்துட்டு வெளில போங்க

மொத்த மனை அளவு வேண்டாம், புல்லு இருக்கற அளவு மட்டும் வேணும். 1 ஏக்கர்னா 43,560 சதுர அடி, அதுல எட்டுல ஒரு பங்கு மனைன்னா 5445 சதுர அடி, ஆனா வீடு, கார் நிக்கற எடம், நடைபாதை எல்லாம் கழிச்சா புல்லு அதுல பாதி இருந்தாலே பெருசு. இந்தக் கழிக்கற வேலைய செய்யாம மனை அளவை அப்படியே கடைக்காரர்கிட்ட சொன்னா, அவரு உங்களை நேரா பெரிய மெஷின் பக்கம் கூட்டிட்டு போயிடுவாரு.

அப்புறம் பின்பக்கம் போற கேட். தூணுக்கு தூண் அளக்காதீங்க, தாழ்ப்பாள் துருத்திட்டு இருக்கற எடத்துல, கேட்டை முழுசா தொறந்து வெச்சு அளங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் 22 இன்ச் டெக் (பிளேடை மேல மூடியிருக்கற கூடு) இருக்கற மோவர் வாங்கினாரு, கேட் 24 இன்ச், தாராளமா போகும்னு நினைச்சாரு. 22ங்கறது பிளேடு வெட்டற அகலம் மட்டும்தான். டெக்கோட விளிம்பு, வெளில நிக்கற சக்கரம், பக்கவாட்டுல புல்லு தள்ளுற மூடி எல்லாம் சேத்தா அதை விட சில இன்ச் கூடும், அவரு ஒவ்வொரு வாரமும் வீட்டை சுத்தி வர வேண்டியதாச்சு. மொத்த அகலம் பெட்டில போட்டிருக்கலைன்னா கடைல டேப் வெச்சு நீங்களே அளந்துடுங்க.

மூணாவது, வெக்கற எடம். ஹேண்டில் மடங்கினா நீளம் பாதியா குறையும், அதுக்கு தகுந்த எடம் இருக்கான்னு பாருங்க. நிமுத்தி செவுத்துல சாய்ச்சு வெக்கலாம்னு நினைக்காதீங்க, அப்படி வெக்கறதுக்குன்னே பண்ணின இன்ஜின் இருந்தா மட்டும்தான் முடியும், மத்ததுல ஆயில் ஏர் ஃபில்டருக்குள்ள போயிடும், டேங்க் மூடி வழியா பெட்ரோல் கசியும். கேஸ் ஹீட்டர் மாதிரி எரியற நெருப்பு இருக்கற ரூம்ல டேங்க்ல பெட்ரோலோட மோவரை வெக்கவே கூடாது, ஆவி தரையோட படர்ந்து போய் பத்திக்கும்.

2. சரிவையும் மேடு பள்ளத்தையும் பாருங்க

தள்ளு மோவர் உங்களுக்கு சரிப்படுமா இல்லையான்னு முடிவாகறது இங்கதான். தள்ளு மோவர் எடை சுமாரா 25-ல இருந்து 32 கிலோ இருக்கும், பைல ஈரப்புல்லு நெறைஞ்சா அதுக்கு மேல. சமதரைல இந்த எடை ஒண்ணுமே தெரியாது. சரிவுல ஏத்தும்போதுதான் தெரியும்.

சரிவை கண்ணால பாத்து சொல்லாதீங்க. 1 மீட்டர் நீளத்துக்கு ஒரு நேர் பலகை எடுத்து ஒரு முனைய மேட்டுல வெச்சு, ரசமட்டம் வெச்சு பலகைய மட்டமா புடிச்சு, மறுமுனைல இருந்து தரை வரைக்கும் எவ்ளோன்னு அளங்க. 27 செமீ வந்தா அது கிட்டத்தட்ட 15 டிகிரி. நெறைய மோவரோட மேனுவல்ல அதுக்கு மேல ஓட்டாதேன்னுதான் போட்டிருக்கும். அந்த அளவு சரிவுல புல்லு வளக்கறதை விட்டுட்டு வேற ஏதாவது செடி வெச்சுடலாம், அது என் யோசனை.

15-க்குள்ள இருந்தாலும் தள்ளு மோவரை சரிவுக்கு குறுக்கால ஓட்டணும், மேல கீழ ஓட்டக்கூடாது. கீழ இறங்கும்போது வழுக்கினா கால் நேரா டெக்குக்கு அடில போகும், மேல ஏத்தும்போது கை விட்டா மெஷின் நம்ம மேலயே வரும். நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க, ஏன்னா உக்காந்து ஓட்டற பெரிய மோவருக்கு மேல கீழதான் ஓட்டணும், அந்த வீடியோவ பாத்துட்டு இதுக்கும் அதேன்னு எடுத்துக்கறாங்க.

லான்ல பாதிக்கு மேல சரிவா இருக்கு, இல்ல உங்களுக்கு முதுகுவலி, இதய தொந்தரவு இருக்குன்னா தள்ளு மோவரை இங்கயே விட்டுடுங்க, தானா நகர்ற செல்ஃப் ப்ரொபெல்டு வாங்குங்க. சமதரையா இருந்தா அது தேவையில்லாத சுமை. எடை கூட, பெல்ட், கேபிள், கியர்னு கெட்டுப்போக பாகமும் கூட, மரத்தடி மூலைல எல்லாம் முன்ன பின்ன இழுத்து திருப்பறது ரொம்ப அவஸ்தை.

மேடு பள்ளம், வேர் எல்லாம் இருக்கற தரைன்னா பின் சக்கரம் 11, 12 இன்ச் இருக்கறதா பாருங்க, பெரிய சக்கரம் குழில விழாம தாண்டிடும். சமமா இருந்தா 8 இன்ச் போதும்.

3. வெட்டின புல்லை என்ன பண்ண போறீங்க?

இதை யோசிக்காம டெக் பாக்கவே முடியாது. மூணு வழிதான்: பொடியாக்கி தரைலயே விடறது, அதான் மல்ச்சிங், இல்லன்னா பின்னாடி பைல பிடிக்கறது, இல்லன்னா பக்கவாட்டுல தள்ளிடறது.

சின்ன லானுக்கு பக்கவாட்டுல மட்டும் தள்ளுற மெஷின் வேண்டாம். விலை கம்மியா இருக்கும், அதனாலயே நெறைய பேர் எடுக்கறாங்க. ஆனா சின்ன எடத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பூச்செடி, ஒரு கார், ஒரு கண்ணாடி ஜன்னல், யாராவது ஒருத்தர்னு இருக்கும், புல்லோட சேந்து கல்லும் அந்த வழியாதான் பறக்கும்.

வாரம் ஒரு தடவை விடாம வெட்டுவீங்கன்னா மல்ச்சிங் நல்லது. பொடிப்பொடியா வெட்டின புல்லு தரைல மக்கி திரும்ப நைட்ரஜனா மண்ணுக்கே போகும், பைய கழட்டி கொட்டற வேலையும் இல்ல. ஆனா அதுக்கு ரெண்டு விஷயம் வேணும், புல்லு காஞ்சிருக்கணும், ஒரு தடவைல புல்லு உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது. மூணு வாரம் விட்டுட்டு முழங்கால் உயரத்துல மல்ச்சிங் பண்ணினா டெக் அடைச்சுக்கும், பச்சைக் கட்டியா அங்கங்க விழும், அதுக்கடில இருக்கற புல்லு மஞ்சளாயிடும்.

நீங்க வாரா வாரம் பண்ற ஆளு இல்லன்னு உங்களுக்கே தெரியும்னா பை கண்டிப்பா வேணும். இங்க ஒரு விஷயத்தை கவனிங்க, "மூணு வழிலயும் ஓடும்"னு பெட்டில எழுதியிருக்கும், ஆனா உள்ள பை இருக்காது, தனியா வாங்கணும்னு இருக்கும். மல்ச்சிங் பிளக்னு ஒரு அடைப்பு வேணும், அதுவும் இருக்கான்னு கேளுங்க. பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கங்க.

4. இப்போதான் டெக் அகலம்

அகலமா இருந்தா சீக்கிரம் முடியும், உண்மைதான், ஆனா எவ்ளோ சீக்கிரம்னு ஒரு கணக்கு போட்டுடலாம். 21 இன்ச் டெக்ல ஒவ்வொரு வரிசையும் முந்தினதோட 3 இன்ச் ஏறி வரணும், இல்லன்னா நடுவுல கோடு கோடா புல்லு நிக்கும். அப்போ உருப்படியா கிடைக்கறது 18 இன்ச், அதாவது ஒன்றரை அடி. 5000 சதுர அடிக்கு சுமார் 3330 அடி, ஏறக்குறைய 1 கிலோமீட்டர் நடக்கணும். அதே லானை 16 இன்ச் டெக்ல வெட்டினா உருப்படி அகலம் 13 இன்ச், நடை 1.4 கிலோமீட்டர்.

5000 சதுர அடில இந்த 400 மீட்டர் பெருசுதான், ஆனா உங்க புல்லு 1500 சதுர அடின்னா வித்தியாசம் வெறும் 120 மீட்டர் பக்கம்தான். அந்த 120 மீட்டரை மிச்சம் பிடிக்க, செடிக்கு நடுவுல நுழையாத அகலமான மெஷினை வாங்கி, விட்டுப்போன எடத்தையெல்லாம் அப்புறம் குனிஞ்சு ட்ரிம்மர்ல வெட்டறது லாபமே இல்ல. என் கணக்கு இதான்: 2000 சதுர அடிக்குள்ள, மரம் செடி நெறையன்னா 16-ல இருந்து 18 இன்ச், அதுக்கு மேல திறந்த எடம்னா 20, 21. 22-க்கு மேல சின்ன லான்ல வேலையே இல்ல.

கேட் அளவு வேற இங்க வந்து சேரும், அதனாலதான் மொதல்லயே அளக்க சொன்னேன்.

5. டெக் எதுல பண்ணினது, உயரம் எப்படி மாத்தறது

இரும்புத் தகடு டெக்தான் பொதுவா வரும். அதுல 14 கேஜ், 16 கேஜ்னு போட்டிருந்தா நம்பர் கம்மியா இருக்கறதுதான் தடிமன், இதை மாத்தி புரிஞ்சுக்கறாங்க. தகடு துருப்பிடிக்கும், அதுவும் ஈரப்புல்லு அடில ஒட்டிட்டே இருந்தா ரெண்டு மடங்கு வேகமா. அலுமினிய டெக் துருப்பிடிக்காது, ஆனா கல்லுல பலமா மோதினா விரிசல் விடலாம். பிளாஸ்டிக் டெக்கும் துருப்பிடிக்காது, எடையும் கம்மி. டெக் கழுவ ஹோஸ் மாட்டற முனை வெச்சிருக்கற மெஷினா இருந்தா நல்லது, அதுக்காகவே கூட காசு குடுக்க வேண்டியதில்ல.

உயரம் மாத்தற லீவர் ஒண்ணே ஒண்ணா, இல்ல சக்கரத்துக்கு ஒண்ணா நாலா? நாலு இருந்தா எல்லாத்தையும் ஒரே குழில போடணும், ஒண்ணு தப்பினா ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு. ஒரு தடவை வெச்சுட்டு வருஷம் முழுக்க மாத்த மாட்டீங்கன்னா நாலு லீவரே போதும்.

எவ்ளோ உயரம் வரைக்கும் போகுதுங்கறது அதை விட முக்கியம். அருகம்புல் வகை தாழ்வா, 1-ல இருந்து 2 இன்ச்ல நல்லா இருக்கும். குளிர் பிரதேசத்து புல்லு வகைலாம் இரண்டரை, மூணு, மூணரை இன்ச் வேணும். விலை கம்மியான சில மெஷின் இரண்டரையோட நின்னுடும். உங்க புல்லு என்ன வகைன்னு தெரியாம இதை வாங்கினீங்கன்னா, கோடைல புல்லை வேரோட காய வெக்கறது நீங்களாதான் இருக்கும்.

6. இன்ஜின், இப்பதான் நேரம்

இந்த சைஸ்ல பொதுவா 125-ல இருந்து 170 சிசி வரைக்கும் வரும், எல்லாம் 4 ஸ்ட்ரோக். சிசி கூட இருந்தா பிளேடு வேகமா சுத்தும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது இல்ல. பிளேடு நேரா இன்ஜின் ஷாஃப்ட்லயே முடுக்கியிருக்கு, கவர்னர்னு ஒண்ணு அதோட வேகத்தை நிமிஷத்துக்கு சுமார் 3000 சுத்துல பிடிச்சு வெச்சிருக்கும், சின்ன இன்ஜினும் பெரிய இன்ஜினும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். பெரிய இன்ஜினால என்ன லாபம்னா அடர்த்தியான புல்லுல மாட்டும்போது வேகம் விழாம தாங்கும்.

அதனால வாரா வாரம் வெட்டற மெல்லிய புல்லு, 18 இன்ச் டெக்னா 125 சிசி தாராளம். 21 இன்ச்சுக்கு 140. அடர்த்தியா வளர்ற புல்லை மல்ச்சிங் பண்ண போறீங்கன்னா 150, 160-க்கு போங்க, மல்ச்சிங்ல ஒரே புல்லை திரும்பத் திரும்ப வெட்டறதால இன்ஜினுக்கு வேலை ஜாஸ்தி. சில பெட்டில சிசி போடாம டார்க், அதாவது இன்ஜின் சுத்தற விசை மட்டும் போட்டிருப்பாங்க, அதுவும் ஒப்பிட உதவும், ஆனா ஒரே அளவுல இருக்கறதை மட்டும் ஒப்பிடுங்க.

மோவர் கம்பெனி வேற, இன்ஜின் கம்பெனி வேறங்கறது புதுசா வாங்கறவங்களுக்கு தெரியறதில்ல. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் எத்தனையோ பிராண்டு மோவர்ல உக்காந்திருக்கும். அதனால மேல ஒட்டியிருக்கற பேரை விட்டுட்டு இன்ஜின் யாருது, அதுக்கு ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் பிளக்கும் உங்க பக்கத்துல கிடைக்குதான்னு பாருங்க. ஃபில்டர் ஒண்ணு கிடைக்காம நல்ல மெஷின் மூலைல கிடக்கறதை பாத்திருக்கேன்.

ஸ்டார்ட் பண்றதுல மூணு விதம். ரப்பர் குமிழை அமுக்கி பெட்ரோல் ஏத்தறது, சோக் லீவர் போடறது, ஆட்டோ சோக். குமிழ் எளிமையானது, ஆனா ஜாஸ்தி அமுக்கினா பெட்ரோல் வழிஞ்சு பிளக் நனைஞ்சிடும். ஆட்டோ சோக்ல யோசிக்கவே வேண்டாம், இழுத்தா போதும். பட்டன் ஸ்டார்ட் எடையையும் ஒரு பேட்டரியையும் கூட்டும், தோள் வலி இருக்கறவங்களுக்கு மட்டும் அது பிரயோஜனம்.

பெட்ரோல் குழாயை மூடற வால்வு இருக்கான்னு பாருங்க. இது ரொம்ப சின்ன விஷயம், ஆனா இருந்தா வெச்சுட்டுப் போற அன்னிக்கு வால்வை மூடி தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டா கார்புரேட்டர் காலியாயிடும். நாள்பட்ட பெட்ரோல் கார்புரேட்டர்ல பசையா படியறதுதான் "போன வருஷம் நல்லா ஓடிச்சு, இந்த வருஷம் ஸ்டார்ட்டே ஆகல"ங்கறதுக்கு பெரும்பாலும் காரணம்.

எத்தனாலும் ஒரு விஷயம். இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரைக்கும்தான் ஒத்துக்கும். உங்க பங்க்ல அதுக்கு மேல கலந்ததுதான் கிடைக்குதுன்னா மேனுவல்ல என்ன அனுமதின்னு பாத்துட்டு வாங்குங்க, வாங்கிட்டு பாக்காதீங்க.

7. கடைல கையால பிடிச்சு பாக்கறது

பாத்துட்டு மட்டும் வராதீங்க, பிடிச்சு தள்ளுங்க. ஹேண்டில் இடுப்பு உயரத்துல முழங்கை லேசா மடங்கற மாதிரி நிக்கணும். உயரமானவங்க குனிஞ்சு ஓட்டறதும், குள்ளமானவங்க தோளை தூக்கி ஓட்டறதும் அரை மணி நேரத்துல காமிச்சுக் கொடுத்துடும். உயரம் மாத்தற ஓட்டை ரெண்டு மூணு இருக்கற ஹேண்டிலா பாருங்க.

அப்புறம் ஹேண்டிலை அமுக்கி முன் சக்கரத்தை தூக்கி அங்கயே ஒரு சுத்து திருப்புங்க. வீட்டுல ஒவ்வொரு வரிசை முடிவுலயும் இதைத்தான் பண்ணப் போறீங்க. சக்கரத்தை கையால சுத்தி விட்டு பாருங்க, பேரிங் போட்டது சத்தமில்லாம சுத்தும், வெறும் பிளாஸ்டிக் புஷ் போட்டது உடனே நின்னுடும், நாளாக நாளாக ஆட்டம் குடுக்கும்.

ஹேண்டில்ல பிடிச்சுட்டே இருக்க வேண்டிய அந்த கம்பி, கை விட்டா இன்ஜினும் பிளேடும் நிக்கணும். அமெரிக்காவுல 1982-ல இருந்து கை விட்ட 3 நொடிக்குள்ள பிளேடு நிக்கணும்னு விதி இருக்கு. சில பேர் கை வலிக்குதுன்னு அதை கயிறு போட்டு ஹேண்டிலோட கட்டிடறாங்க, தயவு செஞ்சு வேண்டாம். உங்க கைக்கு அந்த கம்பி பிடிக்க கஷ்டமா இருந்தா வேற மாடல் பாருங்க, அதுக்குத்தான் கடைலயே பிடிச்சுப் பாக்க சொல்றது.

8. பழசு வாங்கறதா இருந்தா

போன உடனே இன்ஜினை தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஆறினதுக்கப்புறம் வரேன்னு சொல்லுங்க. ஆறின இன்ஜின் ரெண்டு மூணு இழுப்புல எடுக்குதாங்கறதுதான் உண்மையான பரீட்சை.

ஓடும்போது நீலப்புகை நிக்காம வந்தா ஆயில் எரியுது. மெஷின் உதறினா ஒண்ணு பிளேடு வளைஞ்சிருக்கும், இல்ல ஷாஃப்ட் வளைஞ்சிருக்கும், பிளேடுன்னா மாத்திடலாம், ஷாஃப்ட்னா அந்த மெஷினே வேண்டாம். டெக்குக்கு அடில சக்கரம் மாட்டியிருக்கற எடத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, துரு அங்கதான் மொதல்ல ஓட்டை போடும். குனிஞ்சு பாக்கறதுக்கு முன்னாடி இன்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் வயரை கழட்டிடணும்.

"ரெண்டு வருஷம்தான் ஆச்சு"ன்னு சொன்னா பிரிக்ஸ் இன்ஜின்ல சரிபாக்க ஒரு வழி இருக்கு. இன்ஜின்ல மாடல், டைப், கோட்னு மூணு நம்பர் அடிச்சிருக்கும், அதுல கோடோட மொத ரெண்டு இலக்கம் தயாரிச்ச வருஷம், அடுத்த ரெண்டு மாசம். 15-ல ஆரம்பிச்சா 2015, அவ்ளோதான்.

9. வீட்டுக்கு வந்த மொத நாள்

புது மோவர்ல ஆயில் இருக்காது. பெரும்பாலும் ஒரு சின்ன பாட்டில் பெட்டிக்குள்ள தனியா இருக்கும், அதை ஊத்தாம கயிறை இழுத்து, நிமிஷக்கணக்குல இன்ஜினை இறுகிப் போக விட்டவங்க இருக்காங்க, வாரன்டியும் கை குடுக்காது. சுமார் அரை லிட்டர் பிடிக்கும், மொத்தமா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஆயில் கம்பிய தொடைச்சு தொடைச்சு பாருங்க, மேல் கோட்டைத் தாண்டினா புகையா தள்ளும். எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30, மேனுவல்ல சொன்னது. இது 4 ஸ்ட்ரோக், பெட்ரோல்ல ஆயில் கலக்க வேண்டாம், பழைய மொபெட் பழக்கத்துல கலந்துடாதீங்க.

பெட்ரோல் ஒரு மாசத்துக்கு தேவையானது மட்டும் வாங்குங்க, சின்ன லானுக்கு 4 லிட்டர் கேனே அதிகம். ஒரு மாசத்துக்கு மேல வெக்கணும்னா வாங்கின அன்னிக்கே பெட்ரோல் கெடாம இருக்கறதுக்கான ஸ்டெபிலைசர் ஊத்துங்க, பழசானதுக்கப்புறம் ஊத்தி பிரயோஜனம் இல்ல.

அடியில சுத்தம் பண்ண சாய்க்கும்போது பிளக் வயரை கழட்டிட்டு, ஏர் ஃபில்டர் இருக்கற பக்கம் மேல வர்ற மாதிரி சாய்ங்க. மறுபக்கம் சாய்ச்சா ஆயில் போய் ஏர் ஃபில்டர்ல இறங்கி, அடுத்த ஸ்டார்ட்ல தெருவே புகையாகும். மொத ஆயில் மாத்தறது 5 மணி நேரம் ஓடினதும், ஏன்னா புது பாகங்க தேயும்போது வர்ற இரும்புத்தூள் அந்த ஆயில்லதான் இருக்கும். "ஆயிலே மாத்த வேண்டாம், குறைஞ்சா ஊத்தினா போதும்"னு போட்டு வர்ற இன்ஜின்லயும் நான் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுவேன். பல தள்ளு மோவர்ல அடில ஆயில் வடிக்கற போல்ட் கைக்கு எட்டாது, பெட்ரோல் டேங்க் காலியா இருக்கற சமயமா பாத்து, ஆயில் ஊத்தற வாய் வழியாவே சாய்ச்சு பழைய ஆயிலை வெளில வடிச்சுடுங்க.